பிஸ்கட் டின்னில் ஒரு பேட்டரி

மார்த்தாண்டம் பக்கம் வெளிநாட்டுக்காரர் இல்லாத குடும்பம் அபூர்வம். என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும். கழற்ற முடியாத பேட்டரி உள்ள பெட்டிகளை ஏற்ற மாட்டோம் என்று 2017 டிசம்பரில் பெரிய அமெரிக்க விமான நிறுவனங்கள் சொன்னதிலிருந்து, இவற்றில் பேட்டரியைத் தனியாகக் கழற்றலாம். கழற்றினால், பூரி மாதிரி உப்பியிருந்தது.

பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. வேறு பேட்டரி போட்டால் தீர்ந்தது. பழசை என்ன செய்ய?

'மக்கா, பழைய இரும்புக்காரன்கிட்ட குடுத்துரு. இதெல்லாம் ஒரு காரியமா?' என்றாள் அம்மா.

கொடுக்கலாம்தான். இன்வெர்ட்டர் பேட்டரி பழசானால் கடைக்காரரே தூக்கிக்கொண்டு போய், புதுசின் விலையில் கழித்தும் தருகிறார். உள்ளே இருப்பது ஈயம், அதாவது காசு. உள்ளங்கை அகல லித்தியத்துக்கு யார் தருவார்? தயாரித்தவரோ இறக்குமதி செய்தவரோ திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யவேண்டும் என்கிறது 2022-ல் வந்த மத்திய அரசு விதி. (இந்தப் பெட்டியை இறக்குமதி செய்தவன் என் தம்பி!) வாங்கியவர் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கணும் என்றும் அதே விதி சொல்கிறது. அந்தப் பாதிதான் நமக்கு ஞாபகம் இருப்பதில்லை.

இரும்புக்கடைப் பையன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சுத்தியலால் ஒரு போடு போடுவான். கிழிந்தால் தீ. சட்டம் என்னைத் தேடி வராது, அது தெரியும். ஆனால் நீங்களே சொல்லுங்கள்: எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரிந்தே கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

தம்பியிடமே திருப்பிக் கொடுக்கலாமென்றால், உப்பியதை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. இப்போதைக்கு பிஸ்கட் டின்னில் காய்ந்த மணல் போட்டு, அதற்குள் வைத்து, வீட்டைவிட்டுத் தள்ளி மதிலோரம் வைத்திருக்கிறேன். நாகர்கோவிலில் வாங்கிக்கொள்வார்களா என்று விசாரிக்கிறேன். அம்மா தினமும் அந்த டின்னைப் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள்.