லோடருக்குக் கை உண்டா?

சிறிய டிராக்டரின் முன்னால் பூட்டப்படும் லோடர், அதன் எளிய வடிவில், ஒரே ஒரு பக்கெட்டுக்கு வாழ்க்கைப்பட்டது. லோடரின் இரண்டு கரங்களின் நுனியிலும், பக்கெட்டைச் சாய்த்து நிமிர்த்தும் சிலிண்டர்களின் நுனியிலும் துளைகள் இருக்கும். பக்கெட்டின் முதுகிலுள்ள துளைகளோடு அவற்றை நேர்ப்படுத்தி, நான்கு எஃகுப் பின்களை அடித்து இறக்கினால் வேலை முடிந்தது. மண்ணும் எருவும் அள்ள இது போதும். பாரப் பலகைகளைத் தூக்க ஃபோர்க் வேண்டும், வெட்டிப்போட்ட கிளைகளைக் கவ்வ கிராப்பிள் வேண்டும் என்னும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. துருவும் மண்ணும் ஏறிய பின்னைச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். அடுத்த கருவியின் துளைக்கு நேராக லோடரை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். துளையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள், இருக்கையில் ஓர் ஆள் என்று இருவர் இருந்தால்தான் இது நிம்மதியாக நடக்கும்.

குயிக் அட்டாச் என்று அழைக்கப்படும் அமைப்பு, கரங்களுக்கும் கருவிக்கும் நடுவே ஓர் எஃகுத் தகட்டை வைக்கிறது. பின்கள் அந்தத் தகட்டில் நிரந்தரமாக இறங்கிவிடுகின்றன. தகட்டின் மேல்விளிம்பைக் கருவியின் முதுகிலுள்ள மடிப்புக்கு அடியில் நுழைத்து, பின்னால் சாய்த்தால் கருவி தானாக வந்து தகட்டில் படியும். பிறகு கீழ்ப்பக்கத்தில் ஆப்பு வடிவப் பூட்டுப் பின்கள் இரண்டும் கருவியின் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இதன் பிறப்பிடம் அமெரிக்கப் பண்ணை. மினசோட்டாவில் வான்கோழிக் கொட்டகைகளைச் சுத்தம் செய்வதற்காகக் கெல்லர் சகோதரர்கள் 1957-இல் செய்த சிறு லோடர்தான் பின்னாளில் பாப்கேட் என்ற பெயரில் வளர்ந்தது. பாப்கேட்டைத் தயாரித்த நிறுவனம் 1970-ஐ ஒட்டிக் கொண்டுவந்த இணைப்பு முறையைப் பிறரும் பின்பற்றினார்கள்; ஸ்கிட் ஸ்டியர் எனப்படும் இவ்வகைச் சிறு லோடர்களுக்கான இணைப்பின் அளவுகளை ஐஎஸ்ஓ 24410 என்ற உலகத்தரம் வரையறுத்தது. அதே அளவுத் தகடு சிறு டிராக்டர்களுக்கும் வந்து சேர்ந்ததால், ஒரு நிறுவனத்தின் லோடரில் இன்னொரு நிறுவனத்தின் கிராப்பிளைப் பூட்ட முடிகிறது. ஜான் டியர் போன்றவர்கள் தனி வடிவத்தையும் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர்களின் வடிவம் வேறு.

இந்தத் தகடு ஒரு பழைய தத்துவக் கேள்வியைப் பட்டறைக்குள் இழுத்து வருகிறது: கை என்பது என்ன?

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவவாதி அனக்சகோரஸ், கைகள் வாய்த்ததால்தான் மனிதன் உயிர்களில் அறிவு மிக்கவனானான் என்றார். அரிஸ்டாட்டில், விலங்குகளின் உறுப்புகளைப் பற்றிய தம் நூலில், இதைத் தலைகீழாகத் திருப்பினார்: அறிவு மிக்கவனாக இருப்பதால்தான் மனிதனுக்குக் கை தரப்பட்டது, புல்லாங்குழல் ஊதத் தெரிந்தவனுக்குக் குழலைக் கொடுப்பதே முறை, குழல் வைத்திருப்பவனுக்கு ஊதக் கற்பிப்பதல்ல. மனிதனை இயற்கை வஞ்சித்துவிட்டது, காலில் குளம்பில்லை, உடலில் ரோமமில்லை, சண்டைக்கு ஆயுதமில்லை என்று புலம்பியவர்களுக்கும் அங்கே பதில் இருக்கிறது. மற்ற விலங்குகளுக்குத் தற்காப்பு ஒன்றே ஒன்று. அதைக் கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. செருப்போடு தூங்கச் சபிக்கப்பட்டவை அவை. கையோ வேண்டும்போது கொம்பாகும், நகமாகும், ஈட்டியாகும், வாளாகும். எதையும் பற்றும், எதையும் விடும். ஆன்மாவைப் பற்றிய நூலில் கையைக் கருவிகளின் கருவி என்றே அவர் குறிக்கிறார். மனம் எல்லா வடிவங்களையும் ஏற்றுக்கொள்வது போலக் கை எல்லாக் கருவிகளையும் ஏற்றுக்கொள்கிறது என்பது அங்கே வரும் ஒப்புமை.

பின் அடித்துப் பூட்டிய பக்கெட் இந்தக் கணக்கில் குளம்பு. உடலோடு ஒட்டியது, எளிதில் மாற்ற முடியாதது. தகடு வந்ததும் லோடரின் நுனி முதல்முறையாக வெறுமையாகிறது. அந்த வெறுமைதான் அதன் ஆற்றல்.

ஆனால் அரிஸ்டாட்டிலிடமே இதற்கு எதிரான ஒரு குரல் உண்டு. அரசியல் நூலின் முதல் பகுதியில், டெல்ஃபியில் கொல்லர்கள் செய்த பலவேலைக் கத்தியை அவர் ஏளனமாகக் குறிப்பிடுகிறார். இயற்கை அப்படிக் கஞ்சத்தனமாக எதையும் படைப்பதில்லை. ஒரு கருவி ஒரே வேலைக்கு என்றிருந்தால்தான் அது நன்றாக அமையும் என்பது அவர் வாதம். பல வேலை செய்யும் கையைப் போற்றியவர் பல வேலை செய்யும் கத்தியை இகழ்வது முரண்போலத் தோன்றும். டிராக்டர் பட்டறையில் இந்த முரண் எளிதில் அவிழ்கிறது. ஃபோர் இன் ஒன் என்ற பெயரில் ஒரு பக்கெட் விற்கிறது. அதுவே அள்ளும், கவ்வும், சமன்செய்யும், வழிக்கும். வாய் திறக்கும் கீலும் அதற்கான சிலிண்டர்களும் சேர்ந்து எடையைக் கூட்டுவதால், வெறும் பக்கெட் அளவுக்கு அது அள்ளாது. தனிக் கிராப்பிள் அளவுக்குக் கவ்வாது. டெல்ஃபிக் கத்தி அதுதான். தகடு அப்படிப்பட்டதல்ல. அது தானாக ஒரு வேலையும் செய்யாது. ஒவ்வொரு வேலைக்கும் உரிய தனிக் கருவியைத் தனிக் கருவியாகவே இருக்கவிட்டு, அதைப் பற்றிக்கொள்வது மட்டுமே அதன் தொழில். அரிஸ்டாட்டில் இகழ்ந்தது வேலைகளை ஒரே இரும்பில் திணிப்பதை. போற்றியது எந்த வேலையும் இல்லாமல் காத்திருக்கும் உறுப்பை.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. தகடு நடுவில் வந்ததும் பக்கெட் சில அங்குலம் முன்னால் தள்ளிப்போகிறது. சுமை நெம்புபுள்ளியிலிருந்து விலகுகிறது. தகட்டின் சொந்த எடை வேறு. பெரிய லோடருக்கு இது பொருட்டல்ல. முழு உயரத்தில் நானூறு கிலோ தூக்கவே திணறும் சிறு டிராக்டருக்கு இது கையில் தட்டுப்படும் இழப்பு. மனிதக் கையும் அப்படித்தான்: எந்தப் புலியின் நகத்துக்கும் அது ஈடல்ல.

இனி ஹைட்ராலிக் பூட்டு. சாதாரணத் தகட்டில் பூட்டுப் பின்களை இறக்க இரண்டு லீவர்கள் இருக்கும். ஓட்டுநர் இறங்கி வந்து கையால் தள்ள வேண்டும். ஹைட்ராலிக் அமைப்பில் அந்த வேலையை இருபக்கமும் இயங்கும் சிறு சிலிண்டர் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு எண்ணெய் வர ஒரு வழி வேண்டும். லோடரின் வால்வில் ஏற்கெனவே மூன்றாவது இணைப்பு இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். இல்லாவிட்டால் பக்கெட்டைச் சாய்க்கும் குழாயில் மின்காந்த வால்வு ஒன்றைச் செருகி, சுவிட்சை அழுத்தும்போது மட்டும் எண்ணெயைப் பூட்டின் பக்கம் திருப்பலாம். குழாய் வெடித்தாலும் பூட்டுத் திறந்துவிடாதபடி சிலிண்டரின் வாயிலேயே எண்ணெயைத் திரும்பவிடாத வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். சுவிட்சும் தற்செயலாக இடிபட்டுத் திறக்காதபடி இரண்டு அசைவில் இயங்குவதாக இருப்பது நல்லது. இவை செம்மையாக அமைந்தால் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலே ஃபோர்க்கை வைத்துவிட்டுப் பக்கெட்டை எடுக்கலாம். கிராப்பிளுக்கு மட்டும் இந்தச் சுகம் முழுதாகக் கிடைக்காது. அதைத் திறந்து மூடும் குழாய்களைக் கையால்தான் மாட்ட வேண்டும். வெயிலில் கிடந்த கிராப்பிளில் அடைபட்ட எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறியிருந்தால், குழாய் முனையிலுள்ள கப்ளர் எவ்வளவு தள்ளினாலும் உள்ளே போகாது.

இரண்டாவது ஆள் இங்கே தேவையற்றுப் போகிறார். அரிஸ்டாட்டிலின் வாதத்தில் மிக இருண்ட இடமும் இதுதான். உயிருள்ள கருவி, உயிரற்ற கருவி என்று அவர் பிரித்து, அடிமையை உயிருள்ள உடைமை என்றார். பணியாள் மற்றக் கருவிகளுக்கெல்லாம் முற்பட்ட கருவி என்றார். தறியின் நாடா தானே நெய்யுமானால் எசமானர்களுக்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்று, நடக்க முடியாத ஒன்றாக எழுதிவைத்தார். சுத்தியலோடு நின்ற ஆளின் வேலையை ஒரு சுவிட்ச் செய்துமுடிக்கும்போது, மனிதனைக் கருவிப் பட்டியலில் சேர்த்த அந்த வகைப்பாடு எவ்வளவு பொய் என்பது தெரிகிறது. அந்த ஆள் செய்த வேலை இரண்டு. ஒன்று அடிப்பது, மற்றொன்று பார்த்துச் சொல்வது. சுவிட்ச் ஏற்றது முதல் வேலையை மட்டும்.

சிக்கலின் வேர் இந்த இரண்டாவது வேலையில் இருக்கிறது. ஆப்புப் பின் துளைக்குள் இறங்கியதா, துளைக்கு வெளியே சறுக்கிப் போனதா என்பதை இருக்கையிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். மேல்மடிப்பில் ஒரு கூழாங்கல்லோ உறைந்த பனியோ சிக்கியிருந்தால் தகடு முழுதாகப் படியாது. அப்போதும் சிலிண்டர் தன் ஓட்டத்தை முடித்துவிடும். எண்ணெயின் அழுத்தம் சொல்லும் செய்தி, பின் தன் எல்லைவரை போய்விட்டது என்பது மட்டுமே. எதற்குள் போனது என்பது அதற்குத் தெரியாது. பெரிய எக்ஸ்கவேட்டர்களில் இப்படிப் பாதி பூட்டிய பக்கெட்டுகள் கழன்று விழுந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2005-இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது.

கையிலிருந்து இந்தத் தகட்டைப் பிரிப்பது தொடுவுணர்வு. மனிதனின் மற்றப் புலன்கள் விலங்குகளுக்குப் பின்தங்கியவை, தொடுவுணர்வில் மட்டும் அவன் எல்லாவற்றையும் மிஞ்சுகிறான், அவனுடைய அறிவுக்கூர்மைக்கும் இதுவே காரணம் என்று அரிஸ்டாட்டில் கருதினார். விலங்குகள் அனைத்துக்கும் பொதுவான முதல் புலன் அது என்றும் சொன்னார். தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை அறிவுகளின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும்போது தொடுவுணர்வில்தான் தொடங்குகிறது. ஒரு படி மேலே போய், அரிஸ்டாட்டில் புலனே இல்லை என்று ஒதுக்கிய புல்லுக்கும் மரத்துக்கும் அதை வழங்குகிறது. பற்றும் கை, தான் பற்றியதை அந்தக் கணமே அறிகிறது. பற்றுவதும் அறிவதும் அங்கே ஒரே செயல். தகட்டில் அவை இரண்டாகப் பிளந்துவிட்டன. பிணத்தின் கையும் கல்லில் செதுக்கிய கையும் பெயரளவில் மட்டுமே கைகள் என்பது அரிஸ்டாட்டில் பல நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து. ஹைட்ராலிக் தகடு அந்த வரிசையில்தான் சேரும்.

லீவர் வைத்த பழைய தகடு இந்த வகையில் மேலானது என்று சொல்ல இடமுண்டு. லீவரை அழுத்தும்போது, சுருள்வில் மையத்தைத் தாண்டி மடங்கும் அந்த உதறல் உள்ளங்கைக்குத் தெரியும். பாதியில் கனத்து நின்றால், ஏதோ இடிக்கிறது என்று கை சொல்லிவிடும். குனிந்த கண்ணுக்குப் பின்னின் நுனியும் தெரியும். அந்த அமைப்பு மனிதக் கையைத் தனக்குள் ஓர் உறுப்பாகவே சேர்த்துக்கொண்டிருந்தது. ஹைட்ராலிக் குழாய் வெட்டியெறிந்தது அந்த உறுப்பைத்தான்.

இதற்கு மறுப்பும் உண்டு. பார்வையற்றவர் தடியின் நுனியால் தரையை உணர்கிறார் என்ற உதாரணத்தைத் தத்துவவாதி தெகார்த் 1637-இலேயே கையாண்டார். பின்வந்த தத்துவவாதி மெர்லோ-பொந்தி 1945-இல் அதை எடுத்துக்கொண்டு, தடி பழகியபின் அது உணரப்படும் பொருளாக இல்லாமல் உணரும் உடலின் நீட்சியாகிவிடுகிறது என்று வாதிட்டார். பழகிய டிராக்டர் ஓட்டுநருக்கும் இது பொருந்தும். சுமை எல்லை மீறும்போது ரிலீஃப் வால்வு கீச்சிடுவது, எஞ்சினின் குரல் தாழ்வது, பின்சக்கரம் இலேசாவது எல்லாம் இருக்கை வழியே அவர் உடம்புக்கு வந்துவிடுகின்றன. தொடுவுணர்வு இரும்பின் வழியாகவும் பயணம் செய்யும். இந்த மறுப்பு சரியானதே, ஒரு நிபந்தனையோடு: தரையில் ஊன்றாத தடி எதையும் சொல்லாது. காற்றில் தொங்கும் பக்கெட்டும் அப்படித்தான்.

ஆகவே பூட்டியதும் கருவியைத் தரைக்குக் கொண்டுவந்து, அதன் முனையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, டிராக்டரின் முன்சக்கரங்கள் சற்றே எழும்வரை அழுத்திப் பார்க்கும் வழக்கம் வந்தது. பின்கள் சரியாக இறங்காதிருந்தால் கருவியின் கீழ்ப்பகுதி தகட்டிலிருந்து அங்கேயே விலகிவிடும். விழ உயரமில்லாத இடத்தில் குறை வெளிப்படும். பின்னின் நுனி துளைக்கு வெளியே தெரிகிறதா என்று இறங்கிப் பார்ப்பது அதற்கும் மேல். நாளுக்குப் பத்துமுறை ஃபோர்க்கும் பக்கெட்டும் மாற்றுகிறவருக்கு ஹைட்ராலிக் பூட்டு போட்ட பணத்துக்குத் தகும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்கு லீவரே போதும். யார் எதை வைத்திருந்தாலும், தரையில் அழுத்திப் பார்க்காத கருவியை ஆள் நிற்கும் உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது.