உடல், ஏடு, சாட்சி

வன்தட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிய கணினி பழைய கணினிதானா? இக்கேள்வியின் பின்னால் இருப்பது மெய்யியலில் நெடுங்காலமாக இருந்துவரும் அடையாளச் சிக்கல்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் பரவலான ஆக்டிவேஷன் முறை, கணினியின் பாகங்களைக் கொண்டு ஓர் அடையாளத்தைக் கணிக்கிறது. விண்டோஸ் 10இல் அந்த அடையாளம் உரிமத்தோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிறது. அதனால் வன்தட்டு அழிந்தாலும், அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் உரிமம் தானாகத் திரும்பிவிடும். மதர்போர்டை மாற்றுவது போன்ற பெரிய வன்பொருள் மாற்றம் செய்தால் கணினி புதியதாகக் கருதப்படலாம். உரிமத்தை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தவர் அப்போது அதை மீட்கக் கோரலாம். இவ்வசதி 2016இல் வந்தது. ஆனால் கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பொதுவாக அந்த மதர்போர்டோடு முடிந்துவிடும். தனியே வாங்கிய ரீடெய்ல் உரிமத்தை வாங்கியவர் வேறு கணினிக்கு எடுத்துச் செல்லலாம்.

ஆக, சர்வர் அறிந்த சான்றுகள் இரண்டே: பாகங்களாகிய உடலும் பதிவாகிய ஏடும். இந்திய மெய்யியல் இவற்றோடு நிற்கவில்லை. எல்லாம் கணந்தோறும் அழிந்து தோன்றுகின்றன என்றது பௌத்தம். அப்படியானால் நேற்றுக் கண்டதை இன்று ‘அதுவே இது’ என்று அறிபவன் யார் என்று ஆன்மவாதிகள் கேட்டனர். சைவ சித்தாந்தியான அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார் நூலின் பரபக்கப் பகுதியும் பௌத்தக் கொள்கையை மறுக்கிறது.

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள ஈச்சிலம்பற்றில் இந்த அடையாளக் கேள்வி மனிதர்களையே நோக்கி வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி கிழக்குக் கரையைத் தாக்கியது. 2006இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது இப்பகுதி மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தனர். 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கியது. இப்படி ஓடியவர்களில் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்தவர்கள், தாம் தாமே என்று அலுவலகங்களில் நிறுவ வேண்டியிருந்தது.

பதிவேடு தப்பியிருந்தால் பிறப்புச் சான்றிதழின் பிரதி கிடைக்கும். இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி, அயலவரின் சொல் போன்றவை துணை. ‘இவரை எனக்குத் தெரியும், இன்னாரின் மகள்’ என்று ஒருவர் சொல்வது மூன்றாவது சான்று. ஏடு எரிந்த பின்னும் அது எஞ்சும். சர்வரிடம் அதற்கு இடமில்லை.

இதிலிருந்து அறம் தெளிவாகிறது. இழந்தவரிடமே முழு நிரூபணத்தையும் கேட்பது நீதியன்று. பதிவைக் காப்பவருக்கும் அடையாளம் காணும் கடமை உண்டு. உரிமத்தைக் கணக்கோடு இணைப்பதும், சான்றிதழின் பிரதியை வேறோரிடத்தில் வைப்பதும் தனிமனிதர் செய்யக்கூடியவை. ஏடு இல்லாதபோது சாட்சியைக் கேட்பது நிறுவனங்களின் பொறுப்பு.