இல்லாதவரின் சாட்சியம்

2020 மார்ச் 8. ஹெச்.ஐ.வி. ஆய்வாளர்களின் 'குரோய்' மாநாடு பாஸ்டனில் தொடங்க வேண்டிய நாள். இரண்டு நாள் முன்புதான் அமைப்பாளர்கள் நேரடிக் கூட்டத்தைக் கைவிட்டு, எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதே ஊரில் பிப்ரவரி இறுதியில் நடந்த ஒரு மருந்து நிறுவனக் கூட்டத்திலிருந்து கொரோனா பரவத் தொடங்கியிருந்தது.

அந்த மாநாட்டில்தான் ஆய்வாளர் ரவீந்திர குப்தா 'லண்டன் நோயாளி'யைப் பற்றிய செய்தியைச் சொன்னார்: மருந்தை நிறுத்தி 30 மாதங்கள் ஆகியும் உடலில் உயிர்ப்புள்ள வைரஸ் இல்லை. ஹெச்.ஐ.வி.யிலிருந்து மீண்ட இரண்டாவது மனிதர்! எழுந்து நின்று கைதட்ட ஓர் அரங்கம்தான் இல்லை.

தொல்காப்பியம் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றத்தில் அவையோர் தடை எழுப்புவார்கள். ஆசிரியர் விடை சொல்லியே ஆகவேண்டும். வீட்டு அறையில் கேமராவைப் பார்த்துப் பேசுவது அரங்கேற்றமாகுமா? கூடியிருத்தல் உண்மைக்கே தேவையா, மனிதருக்கு மட்டும்தானா?

ராபர்ட் பாயில் 1660இல் தன் காற்றுப்பம்புச் சோதனைகளை நூலாக்கியபோது, கருவியின் படத்தையும் சரிவராத சோதனைகளையும்கூட விரிவாகப் பதிவுசெய்தார். நேரில் பாராதவரும் பார்த்தவர்போல் ஆகவேண்டும் என்பது அவர் எண்ணம். இதை அறிவியல் வரலாற்றாளர்கள் ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 'மெய்நிகர் சாட்சியம்' என்றார்கள். ஆக, அறிவியல் தொடக்கத்திலிருந்தே தூரத்தில் இருப்பவரை நம்பி எழுந்தது.

2020 ஏப்ரலில் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுக் கழகம் இணையக் கூட்டத்தைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 61,000 பேருக்கு மேல் பதிவுசெய்தார்கள். விசாவும் விமானச் செலவும் வாசலில் நிறுத்திவைத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். இது பெரிய நியாயம். ஆனாலும் பதிவுசெய்து ஒளிபரப்பிய உரையில் குறுக்கிட முடியாது. தன் ஆய்வுச் சுவரொட்டியின் அருகே நிற்கும் இளம் ஆய்வாளரிடம் மூத்தவர் ஒருவர் "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்கும் கணம் திரையில் எளிதாகத் தொலைந்துவிடுகிறது. அந்தக் கணம் இல்லாவிட்டால் அவை வெறும் கூட்டம்.

அந்தக் கேள்வி தூரத்திலிருந்தும் வரக்கூடும் என்பதற்குச் சான்று அந்த மே மாதத்திலேயே உண்டு. கொரோனாவுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி 'லான்செட்' மருத்துவ இதழ் மே 22 அன்று வெளியிட்ட கட்டுரை, 671 மருத்துவமனைகளின் தரவு என்றது. சில நாளிலேயே, பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் திறந்த மடலில் தடை எழுப்பினார்கள்: தரவு எங்கே? மூலத்தரவு தணிக்கைக்குக் கிடைக்கவில்லை. ஜூன் 4 அன்று ஆசிரியர்களில் மூவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.