தோள் திரும்பும் திசை

இடுப்பு மூட்டு ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளுக்கு அந்த வசதி இல்லை. மேல்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது, அது பொருந்தும் குழியோ மேலோட்டமானது. அதனால்தான் நம்மால் முதுகைச் சொறியவும், பரண்மேல் இருக்கும் பானையை இறக்கவும், கல்லெறிந்து மாங்காய் அடிக்கவும் முடிகிறது. எலும்பு விட்ட பிடியைத் தசைகள் பிடித்துக்கொள்கின்றன. தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி அந்த உருண்டையைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பவை நான்கு சிறு தசைகள். புஜத்தில் எண்ணெய் பூசிக்கொண்டு படமெடுப்பவர்கள் உண்டு. இந்த நான்கையும் யாரும் படமெடுப்பதில்லை.

*

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னசேலம் பக்கம் ஒரு பட்டறையில் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். சிலையைப் பார்க்கவில்லை, சிற்பியின் தோளைத்தான். இடக்கையில் உளி, வலக்கையில் கொட்டாப்புளி. வலது முழங்கை விலாவை விட்டு ஒரு சாண் விலகும், திரும்பி வரும். அவ்வளவுதான் அதன் பாதை. தலை குனிந்து, முதுகு வளைந்து, தோள் இரண்டும் முன்னால் உருண்டுவிட்டன. எழுந்து சட்டை மாட்டும்போது வலது கையை முதலில் நுழைத்தார்; இடக்கை சட்டையின் பின்பக்கம் போகத் தயங்கியது.

“அண்ணே, தோளுக்கு ஏதாவது பயிற்சி பண்றீங்களா?”

“நாள் பூரா கைய ஆட்டுறேன் தம்பி. இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?”

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கரும்பு வெட்டுகிறவரும், மரவள்ளித் தோலைச் சீவுகிறவரும், ஏன் நாள் முழுக்கக் கணினித் தட்டச்சு அடிக்கிறவரும் இதையே சொல்வார்கள். ஆனால் இந்த வேலைகள் எல்லாம் கையை முன்னாலும் உள்பக்கமாகவுமே கொண்டுபோகின்றன. முழங்கையை விலாவில் ஒட்டிவைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்புகிற அசைவை இவை நம்மிடம் கேட்பதில்லை. தோள் இறுகும்போது முதலில் பறிபோவதும் பெரும்பாலும் அந்த அசைவுதான். உழைப்பு கேட்காத திசையில் கையைக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் பயிற்சி.

*

தோள் இறுகிப்போவதற்கு, உறைந்த தோள் என்ற பொருளில் பெயர் வைத்தவர் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். 1934-இல் தோளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். இந்த இறுக்கம் பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருகிறது. பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகமாகத் தேடி வருகிறது. முதலில் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாத ராத்திரிகள். பிறகு வலி அடங்கி இறுக்கம் மிஞ்சும். அதன்பின் மெல்ல இளகும். மொத்தம் ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு மூன்றும் ஆகலாம்.

எனக்கும் வந்தது. ஊரில் எல்லோரும் சுளுக்கு என்றார்கள். எண்ணெய் போட்டு இழுத்துவிட ஆளும் சொன்னார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது வெடுக்கென்று இழுப்பது மூட்டுறையை இன்னும் கோபப்படுத்தும். எண்ணெய் மேல் எனக்கு விரோதமில்லை. வெதுவெதுப்பாகத் தடவிக்கொண்டால் இதமாக இருக்கிறது. இழுப்பதுதான் வேண்டாம்.

*

அப்போது குறிப்பேட்டில் எழுதிவைத்த பயிற்சிகள்:

குனிந்து தொங்கவிடுதல். இதுவும் காட்மன் பெயரோடு வழங்குவதுதான். நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். வலிக்கும் கை கிணற்றுக்குள் விட்ட கயிறாகத் தொங்கும். ஆட வேண்டியது உடம்பு. கை தன்பாட்டில் வட்டம் போடும். கேட்க எளிது. உட்கார்ந்து தியானம் பழகியவர்களுக்குக்கூட இது சட்டென்று வராது. தொங்கவிட்டேன் என்று நினைக்கும்போதே கழுத்தடியில் ஒரு தசை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். மூச்சை வெளியே விடும்போது அது கொஞ்சம் விடும். இன்னொரு மூச்சில் இன்னும் கொஞ்சம்.

சுவர் ஏறுதல். சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரலால் படிப்படியாக மேலே. எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. வெள்ளையடித்த சுவரில் கோடுகள் சேர்வதைப் பார்த்து வீட்டில் திட்டு விழும், வாங்கிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது விரலை அல்ல, காதை. கை முழுதாக மேலே போவதில் மூன்றில் இரண்டு பங்கு மூட்டின் வேலை, ஒரு பங்கு தோள்பட்டை எலும்பின் வேலை. மூட்டு இறுகினால் பட்டை முந்திக்கொண்டு தோளைக் காது வரை தூக்கிக் கணக்குக் காட்டும். கோடு உயரும், மூட்டு நகர்ந்திருக்காது.

படுத்துக்கொண்டு குடைக்கம்பு. இரண்டு முழங்கையும் விலாவோடு. நல்ல கை கம்பைத் தள்ள, வலிக்கும் கை வெளியே திரும்பும். இழுபடும் இடத்தில் அரை நிமிஷம் நிறுத்தி, மூச்சைப் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

வலு கூட்டுவது கடைசியில். அதற்கென்று விற்கும் ரப்பர் பட்டை வேண்டியதில்லை. பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினால் போதும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டு. அது கீழே விழாமல், ட்யூபை வெளிப்பக்கம் இழுத்து, வந்ததைவிட மெதுவாகத் திரும்ப விட வேண்டும். அந்தத் திரும்புதலில்தான் தசைக்குப் பாதி வேலை.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். ராத்திரியும் மறுநாளும் அந்த வலி தங்கினால் அளவு அதிகம். விழுந்து அடிபட்டுக் கை தூக்கவே வராவிட்டால், மூட்டு வீங்கிக் காய்ச்சலடித்தால், நெஞ்சு அழுத்தி வியர்த்து இடத்தோள் வலித்தால், பயிற்சிப் பேச்சே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. 2022 ஜனவரியிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கென்றே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

*

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் தோள் என்றால் சுமைதான் முதலில் நினைவுக்கு வரும். ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த மலை இது. 1976-இல்தான் அது முடிந்தது. அதுவரை அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்தவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். சாலை எட்டாத குக்கிராமங்களில் நோயாளியை டோலி கட்டி இறக்கியவையும் இவர்கள் தோள்கள்தான்.

அதே மலையில், வெள்ளிமலைப் பக்கம் சாமையை உலக்கையால் குத்திய காலத்தில் கை தலைக்கு மேலே போய் வந்தது. அந்த உழைப்பைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. மில் வந்ததில் பெண்களுக்கு நிம்மதிதான். ஆனால் விறகு இன்னும் தலையில் வருகிறது. ஒரு கை மேலே சுமையைப் பிடித்தபடி, மறு கை வீசியபடி, சரிவில் இறங்குகிறார்கள். வீடு வந்ததும் சுமையைத் தொப்பென்று போடுகிறார்கள். உயர்த்திய கையை உடனே இறக்க முடியாமல், மறு கையால் தாங்கி இறக்கிய ஒரு அம்மாவைப் பார்த்தேன். “பழகிப்போச்சு சாமி” என்றார்.

*

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரைக்கு வீட்டு வாசலில் மாத்திரை தரும் திட்டம் என்றே பலருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் உண்டு. பக்கவாதத்தில் படுத்தவருக்கு முடங்கிய கையை நீட்டி மடக்கக் கற்றுத் தருகிறார்கள். நான் இதை ஒரு நல்ல அரசுத் திட்டம் என்றே சொல்வேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். பிசியோ வீட்டுக்கு வரும்போது, படுத்திருப்பவரைத் தூக்கி உட்கார வைத்து, புரட்டி, குளிப்பாட்டும் மனைவியோ மருமகளோ பக்கத்திலேயே நிற்பார். “எனக்கும் இந்தத் தோள் வலிக்குதுங்க, கை பின்னால போகல” என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினால், கூட இருக்கிறவர்கள் சொல்லுங்கள். சர்க்கரையையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.