சதுர அறையும் சொந்த மூலையும்

சிறிய சதுரமான படுக்கையறையொன்றை எவ்வாறு அமைப்பது, அதில் என்னென்ன சாமான்களை இடுவது என்னும் வினா தச்சனுக்கும் கடைக்காரனுக்குமே உரியதென்று பலரும் எண்ணுகின்றனர். நமது கருத்தில் அது முதலாவதாக ஒழுக்கத்தைப் பற்றிய வினாவேயாகும். அறை யாருடையது என்பது தீர்ந்த பிறகே கட்டிலின் இடம் தீரும்.

பினாங்குத் தமிழர் இச்சதுரத்தை நன்கறிவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின், லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல மலிவு விலை அடுக்குவீடுகளில் குடியேறின. வீடொன்று ஏறத்தாழ 650 சதுர அடி; அதற்குள் மூன்று படுக்கையறைகள். மூன்றாவது அறை ஒன்பதடிக்கு ஒன்பதடி என்று கொள்வோம். 81 சதுர அடி. ஆறடி அகலமும் ஆறரையடி நீளமுமுள்ள இரட்டைக் கட்டில் அதில் 39 சதுர அடியை விழுங்கிவிடும். பிறகு ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி. கதவு திறக்க விட்ட இடம் போக மனிதன் திரும்புவதற்கு ஒரு சந்துதான் மிஞ்சும். பார்ப்பவர் மெச்சுவர், படுப்பவர் மூச்சுத் திணறுவர்.

இன்னும் சிலர் மனையடி சாஸ்திரத்தைக் கையிலெடுப்பர். பத்தடி ஆடு மாடுகளைப் பெருக்குமாம். பன்னிரண்டடி செல்வத்தைக் குறைக்குமாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் லயத்தறைகள் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அங்கே தலைமுறை தலைமுறையாக வறுமை குடியிருந்ததற்குப் பன்னிரண்டு என்னும் எண்ணா காரணம்? கொடுத்த கூலியல்லவோ காரணம்!

அறையைப் பற்றிக் கற்க விரும்புவோர் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைப் பார்க்கட்டும். நீண்டு ஒடுங்கிய வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். அவ்வழியே சூடேறிய காற்று மேலே செல்லும். சாய்ந்த பலகைகள் கோத்த சன்னல், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். ஆனால் அதே வீடுகளின் மாடிகளைப் பலகைத் தடுப்புகளால் கூறுகூறாக்கி, சன்னலற்ற கூண்டுகளாக வாடகைக்கு விட்டவர்களும் இருந்தனர். ஆகவே சிறு அறையில் சன்னலை அலமாரியால் மறைப்பதும், கதவின் மேலுள்ள காற்றுத்துளையை அட்டையால் அடைப்பதும் அக்கூண்டை நாமே மீண்டும் கட்டிக்கொள்வதாகும்.

பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடமொன்றில் பல கடைகளின் முகவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, ஒரு தாழ்ந்த மேசை. பகலில் வட்டிக்கணக்கு, இரவில் அங்கேயே பாய். இடையில் சுவர் கிடையாது. எனினும் ஒருவர் பெட்டியை மற்றொருவர் தொடமாட்டார். (பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டு வந்த ஆடவருக்கு மாத்திரமே அவ்வாழ்வு, அதை நாம் புகழ வரவில்லை.) தனக்கென்று ஓர் எல்லை வேண்டுமென்பது மாளிகைக்காரரின் ஆசை மட்டுமன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மலேசியச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. 2020இல் வந்த விதிகளின்படி, பொதுக்கூட விடுதியில் தங்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 3 சதுர மீட்டருக்குக் குறையாத உறங்குமிடமும், தனிக்கட்டிலும், மெத்தையும், பூட்டக்கூடிய அலமாரியும் முதலாளி தரவேண்டும்.

இப்போது நம் வீட்டிற்கு வருவோம். அந்த மூன்றாவது அறையில் நம் பெண்மக்கள் இருவர் உறங்குகின்றனர். அவர்களுக்குப் பூட்டக்கூடிய அலமாரி எங்கே? புத்தகங்கள் கட்டிலுக்கடியில், துணிகள் தாயின் பெட்டியில். கடிதம் வந்தால் அண்ணன் பிரித்த பிறகே கைக்கு வரும். முன்பின் அறியாத தொழிலாளிக்குச் சட்டம் அளித்த மரியாதையை, பெற்ற மகளுக்கு நாம் அளிக்கவில்லை!

“பெண்ணுக்குப் பூட்டு எதற்கு? மறைப்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது?” என்று கேட்பாருண்டு. அவ்வாறு கேட்கும் பெரியவரின் இடுப்பில் தொங்குவது எதன் சாவியோ?

இரட்டைக் கட்டிலுக்குப் பதிலாக மூன்றடி அகலக் கட்டில்கள் இரண்டை எதிரெதிர்ச் சுவர்களில் போட்டால் தரையைக் கட்டில் அதிகம் கொள்ளாது; நடுவில் மூன்றடி நடை கிடைக்கும். தலைமாட்டில் ஆளுக்கொரு பலகைத்தட்டும் விளக்கும்; கட்டிலின் கீழே ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி. கதவுக்கு உட்புறம் ஒரு தாழ்ப்பாள். கண்ணாடி அலமாரியை விற்ற பணத்தில் இவை யாவும் முடிந்து, தச்சனுக்குக் கூலியும் மிஞ்சும். தாழ்ப்பாளை மட்டும் இளையவளுக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.