தாளும் தாளைப் பார்க்கிற கண்ணும்

எங்க தெருவில் பி.சி.ஏ. முடித்த தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "கம்ப்யூட்டர் வேலைக்கு டிகிரியே வேண்டாம், திறமை இருந்தாப் போதும்னு பேசுறாங்களேக்கா. அப்ப எங்கம்மா வட்டிக்கு வாங்கிப் படிக்க வச்சது எதுக்கு?"

புரோகிராம் எழுதப் பட்டம் தேவையில்லை என்பது உண்மைதான். பன்னிரண்டாவது, டிப்ளமோ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலையில் சேர்த்துக்கொள்கிறது ஜோஹோ. பில் கேட்ஸும் ஹார்வர்டைப் பாதியில் விட்டவர்தானே என்பார்கள். அவர் அப்பா வக்கீல், அவர் படித்த பள்ளியில் 1968லேயே கம்ப்யூட்டரோடு இணைத்த கருவி இருந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். பட்டத்தை உதறுகிறவன் விழுந்தால் கீழே பாய் விரித்திருக்கிறது. நமக்குப் பாயே பட்டம்தான்.

சான்றிதழை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எது வந்து உட்காரும்? டெல்லிப் பகுதியில் தனியார் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கிறவர்களிடம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேசி, 2007இல் எழுதினார்கள். சாதியெல்லாம் பார்ப்பதில்லை, திறமைதான் என்றவர்களே குடும்பப் பின்னணியை விசாரிப்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்பன் என்ன வேலை? எந்த ஊரு? வீட்டில் யார் படித்தவர்? இதுக்கெல்லாம் எந்தப் பல்கலைக்கழகம் மார்க் போடுகிறது? அதே ஆண்டு வெளியான தோரட், அட்டவெல் ஆய்வில், ஒரே படிப்பைக் காட்டி உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் தனியார் வேலைகளுக்கு விண்ணப்பம் போனது. தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது.

அப்போ தாள் நம்மைக் காப்பாற்றிவிடுமா? கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கரைத் தங்கியிருந்த விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். 2020இல், சிஸ்கோவில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகக் கலிஃபோர்னியா அரசுத் துறை வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது, மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் அந்தத் துறையே விலக்கிக்கொண்டது. அந்த வழக்கில் சொல்லப்பட்ட ஒரு புகாரை மறக்க முடியவில்லை: இவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று மேலாளர் மற்றவர்களிடம் சொன்னாராம். நாடே கும்பிடுகிற பட்டம், நம்ம கைக்கு வந்ததும் சாதிச் சான்றிதழாகிவிடுகிறது.

தங்கச்சிக்கு நான் சொல்வது இதுதான். தாளைக் கும்பிடாதே, கிழித்தும் போடாதே. அதை வைத்துக்கொண்டுதான் "என்னை ஏன் எடுக்கலை?" என்று நிமிர்ந்து கேட்க முடியும். திறமை இல்லைன்னு சொன்னா, எதை வச்சு அளந்தீங்க, அதே அளவுகோலை எல்லாருக்கும் வச்சீங்களான்னு கேளு. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் தனியார் நிறுவனங்களுக்கு வரும்வரை, இடஒதுக்கீடு அங்கேயும் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.