இட்ட பெயரும் இருந்த பெயரும்

சென்ற ஆண்டு வில்லியனூர் லூர்து அன்னை பெருவிழாவுக்குக் குவாதலூப் தீவிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். கரீபியன் கடலில் பிரான்சு நாட்டுக்கு உட்பட்ட தீவு அது. முகத்தைப் பார்த்தால் நம் பாகூர்ப் பக்கத்துப் பிள்ளை என்றே சொல்லிவிடலாம். தமிழ் மட்டும் ஒரு சொல்லும் வராது. என் அரைகுறைப் பிரெஞ்சைக் கொண்டு சமாளித்தேன். விடுமுறை நாள்களில் சிறு பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றுவது அவருக்கு வழக்கமாம். காலையில் ஒரு துறையில் நங்கூரம் தூக்கினால் மாலைக்குள் அடுத்த தீவின் துறையில் இறக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே, பையிலிருந்த கடல் வரைபடத்தை என் மேசைமேல் விரித்தார்.

அது எனக்குத் திருவழிபாட்டு நாள்காட்டியைப் போலத் தோன்றியது. கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில், 1493 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை கண்ட தீவு, ஆண்டவரின் நாளை ஒட்டித் தொமினிக்கா ஆயிற்று. அனைத்துப் புனிதர் பெருவிழாவின் நினைவாகச் சில சிறு தீவுகளுக்குப் ‘புனிதர்கள்’ என்று பெயர். ஸ்பெயினிலுள்ள குவாதலூப்பே அன்னை மடத்துத் துறவியருக்குக் கொடுத்த வாக்கின்படி மற்றொன்றுக்கு அந்த அன்னையின் பெயர். 1498-இல் கண்ட தீவுக்கு மூவொரு கடவுளின் பெயர்: திரினிதாத். மரி-கலாந்துக்கு மட்டும் கொலம்பஸ் ஏறி வந்த கப்பலின் பெயர். புனிதர் கூட்டத்தில் கப்பலொன்றும் இடம்பிடித்துக்கொண்டது!

இறைப்பற்றோடு இட்ட பெயர்கள்தாம் இவை. அதை நான் ஐயுறவில்லை. ஆனால் அங்கு வாழ்ந்த கரீப் மக்கள் குவாதலூப்பைக் கருகேரா என்று அழைத்துவந்தார்கள். அதை எவரும் கேட்கவில்லை. தொடக்க நூலில் ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிடுகிறான். அவற்றுக்கு அதற்குமுன் பெயர் இல்லை. பெயர் இல்லாததற்குப் பெயரிடுவதும், பெயர் உள்ளதற்கு மறுபெயர் இடுவதும் ஒரே செயலாகுமா? முன்னது படைப்பில் பங்குகொள்வது. பின்னது பெரும்பாலும் உடைமை கொள்வது. அந்தத் தீவுகளில் அப்படித்தான் நடந்தது. பெயருக்குப் பின்னால் நிலம் போயிற்று. நிலத்துக்குப் பின்னால் மக்கள் போனார்கள். புனிதர்களின் பெயர் தாங்கிய துறைகளில் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இறக்கப்பட்டார்கள்.

திருச்சபைக்குள்ளிருந்தே கண்டனக் குரல் எழாமல் இல்லை. 1511-ஆம் ஆண்டு, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு மறையுரையில், சாமிநாதர் சபைக் குரு அந்தோனியோ மோந்தேசினோஸ், இஸ்பானியோலா தீவின் ஸ்பானிய ஆண்டைகளை நோக்கி, இந்த மக்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். ‘கண்டுபிடித்தவனுக்கே நிலம் உரிமை’ என்னும் கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது 2023 மார்ச் மாதத்தில். இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல்.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம்மவர் கப்பலேறினார்கள். ‘ஒரேலி’ என்ற பாய்மரக் கப்பல் குவாதலூப்புக்கு முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டு சேர்த்த நாள் 1854 டிசம்பர் 24, கிறிஸ்து பிறப்பின் முந்தின நாள். சத்திரத்தில் இடம் கிடைக்காதவர்களைப் பற்றி நான் ஆண்டுதோறும் மறையுரை ஆற்றும் அதே இரவு! 1889 வரை இந்தியாவிலிருந்து சுமார் 42,000 பேர் அங்கே சென்றார்கள். வில்லியனூர் அன்னையின் திருவுருவம் பிரான்சிலிருந்து கடல்வழி வந்தது 1877-இல். தாது வருடப் பஞ்சம் மக்களைக் கப்பலுக்குத் துரத்திய காலமும் அதுவே.

அங்கே போய் இறங்கியவர்களுக்கு எண் கொடுத்தார்கள், பெயரையும் எழுதிக்கொண்டார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமில்லை; எனவே முத்துசாமி, வீராசாமி, சிதம்பரம் என்று அவரவர் சொன்ன பெயரே பிரெஞ்சு எழுத்தில் திரிந்து வழிவழியாகக் குடும்பப் பெயராயிற்று. ஹென்றி சிதம்பரம் என்பவர் அங்குள்ள இந்தியர்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடியது அத்தகைய ஒரு பெயரைத் தாங்கித்தான். அந்த இளைஞரிடம் எஞ்சியிருக்கும் தமிழும் அந்த ஒரு பெயரே. எழுத்தர் ஈவிரக்கம் உள்ளவரோ இல்லையோ, காதில் விழுந்தபடி எழுதினாரோ என்னவோ, எழுதும்முன் பெயரைக் கேட்டிருக்கிறார்.

இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. நான் குருவான புதிதில், பாகூர் கொம்யூனின் உள்கிராமம் ஒன்றில் முதியவர் ஒருவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன். சடங்கின் தொடக்கத்திலேயே பெயரைக் கேட்க வேண்டும் என்பது முறை. நானோ முதல்நாளே பதிவேட்டில் ஒரு புனிதரின் பெயரை அழகாக எழுதி வைத்துவிட்டேன். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்றுதான் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. பெரியவர் மறுப்பேதும் சொல்லாமல் தலையசைத்தார். சில ஆண்டுகளில் அவர் இறந்தார். அடக்கத் திருப்பலியில் அந்தப் புனிதரின் பெயரைச் சொல்லி மன்றாடினேன். அவருடைய மனைவி பக்கத்திலிருந்த மகளிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது: “சாமி யாருக்குடி பூசை வைக்கிறாரு?”

பதிவேட்டில் அந்தப் பெயர் இன்றும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. கொலம்பஸைக் குறைசொல்லி எழுதுவது எளிது.

இளைஞர் புறப்படுமுன் திருத்தலக் குளத்தில் இறங்கிக் கால் நனைத்தார். படியில் நின்றபடி, “உன் படகுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய், தம்பி?” என்று கேட்டேன். பழைய படகை விலைக்கு வாங்கினாராம்; முகப்பில் ஏற்கெனவே ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்ததாம். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. மாற்றவில்லையா என்றேன்.

“இல்லை, ஃபாதர். படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்பார்கள் எங்கள் மாலுமிகள்” என்றார்.